கொங்கிரீட்டும் குடும்பமும்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இவ்விரண்டனுள் பின்னதை ஊவா மாகாணத் தோட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்தே வந்திருக்கின்றனர். முன்னதைச் செய்து பார்க்கும் வாய்ப்போ அவர்களுட் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; குடியிருப்பவர் அதில் ஒரு சுவரை இடிப்பதென்றாலும் ஒரு சன்னல் வைப்பதென்றாலும் துரையின் மனமறிந்தே செய்ய வேண்டும். தமது கைப்பொருளைச் செலவிட்டு இஸ்தோப்பை அடைத்து அறையாக்கியவரும், அது தமதென்று சொல்ல ஒரு துண்டுக் கடிதம் இன்றியே வாழ்ந்தனர்.

அந்நிலை இப்பொழுது சிறிது சிறிதாக மாறி வருகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி நோர்வூட்டில் நடைபெற்ற கூட்டத்தில், மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். அத்திட்டத்தின் பயனாளிகளில் ஏறத்தாழ 2,000 பேருக்கான உரிமை ஆவணங்கள் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி பண்டாரவளையில் வழங்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதன்மேல் 550 சதுர அடி வீடும் பெற்ற குடும்பம், அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சமையலறையைச் சேர்க்க விரும்பும். குளியலறைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி வைக்க ஒரு தட்டுப் போட எண்ணும். ஊழியர் சேமலாப நிதியில் வந்த பணம், கொழும்பிலே கடையில் நிற்கும் மகன் அனுப்பிய பணம், மத்திய கிழக்கிற்குச் சென்ற மகளின் உழைப்பு ஆகிய யாவும் சில நாள் வேலையில் சீமெந்தாகவும் கம்பியாகவும் உருமாறிவிடும். ஆதலால், கொங்கிரீட் வேலை நடைபெறுங் காலத்தில் வீட்டார் எதனை எதிர்பார்க்க வேண்டும், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலாவதாக, கொங்கிரீட் என்பது யாது? சீமெந்து, மணல், கருங்கற் சல்லி, தண்ணீர் ஆகிய நான்கின் கூட்டே அது. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவரான ஜோசப் அஸ்ப்டின் என்பவர் 'போட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டிற் காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, யுத்தங் காரணமாக 1990இல் நின்றுபோயிற்று. இவ்வளவு பழகிய பொருளாயினும், இதனைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. கொங்கிரீட் 'காய்ந்து' இறுகுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது காய்வதனால் இறுகுவதில்லை. சீமெந்து தண்ணீரோடு இரசாயன முறையிற் சேர்ந்து, நுண்ணிய படிகங்களாகப் பின்னிக்கொண்டு கல்லாகிறது. ஆகவே போட்ட பிறகு அதற்குத் தண்ணீர் வேண்டும். போடும்பொழுது அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் கூடாது. இவ்விரு விதிகளையும் மனத்தில் இருத்திக்கொண்டால், இனிச் சொல்லப் போவன யாவும் எளிதில் விளங்கும்.

இரண்டாவதாக, கம்பி எதற்கு? தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தை நம் வாசகர் அனைவரும் அறிவர். இரும்புக் கம்பியின்றிக் கட்டப்பட்ட அப்பாலம், நூறாண்டுகளுக்கு மேலாகப் புகையிரதத்தைத் தாங்கி நிற்கிறது. அப்படியாயின் நமது குளியலறைத் தட்டுக்கு மட்டும் கம்பி ஏன் என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. ஒரு ரப்பர் அழிப்பானை எடுத்து, அதன் பக்கத்திற் செங்குத்தாகச் சில கோடுகளைப் பேனாவாற் கீறுங்கள். இரு முனைகளையும் இரு புத்தகங்களின்மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். மேற்பக்கத்திற் கோடுகள் நெருங்கும், கீழ்ப்பக்கத்தில் விலகும். நெருங்குவது அமுக்கம், விலகுவது இழுவிசை. கொங்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுத்தால் எளிதில் வெடித்துவிடும். வளைவுப் பாலத்தில் ஒவ்வொரு துண்டும் மற்றொன்றை அமுக்கிக்கொண்டே நிற்பதனால் அங்கே கம்பிக்கு வேலையில்லை. தட்டையான தளமோ கீழ்ப்பக்கத்தில் இழுபடுகிறது. அவ்விடத்திலே கம்பியை வைப்பது அதனாலேதான்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் சன்னல் நிழற்றட்டு, வாசற்படித் தட்டு முதலியவற்றில் இழுவிசை மேற்பக்கத்தில் உண்டாகிறது. ஆதலின் அங்கே கம்பி மேற்பக்கத்தில் இருத்தல் வேண்டும். கொங்கிரீட் இடும் ஆட்கள் அதன்மேல் ஏறி மிதித்துக் கம்பியைக் கீழே தள்ளிவிட்டால், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் பலகையைக் கழற்றும் நாளிலோ, அதற்குப் பின்னர் ஒரு நாளிலோ அத்தட்டு சுவரோடு சேருமிடத்தில் முறிந்து விழும். அதன் கீழேதான் நம் குழந்தைகள் மழைக்கு ஒதுங்குவர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, வேலைக்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

ஊவாவின் நிலம் பெரும்பாலும் சரிவான நிலம். சரிவை வெட்டிச் சமப்படுத்தும்பொழுது, மேற்பக்கத்தில் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்புவது வழக்கம். வீட்டின் ஒரு பாதி இயற்கையான கெட்டி நிலத்திலும், மறுபாதி நிரப்பிய மண்ணிலும் அமைந்துவிட்டால், மழைக்காலத்தில் நிரப்பிய பாதி இறங்கும், சுவர் வெடிக்கும். அத்திவாரம் எங்கும் கெட்டி மண்ணை எட்டும்வரை தோண்டப்பட வேண்டும். வெட்டிய மண்சுவருக்கு முன்னே அணைசுவர் எழுப்பினால், உள்ளே தேங்கும் நீர் வெளியேறத் துவாரங்கள் வைக்க வேண்டும். மேட்டிலிருந்து வரும் நீரை வீட்டைச் சுற்றிக் கானிற் கொண்டுபோக வேண்டும்.

இதனினும் பெரிய கேள்வி, அந்நிலத்தில் வீடு கட்டலாமா என்பதே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகள் பல உயிர்களைக் காவுகொண்டன. எத்துணை உறுதியான கொங்கிரீட்டும் சரிகின்ற மலையைத் தடுத்து நிறுத்தாது. ஆகையால் பிரதேச சபையின் அனுமதியையும், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் வீண் அலைச்சல் என்று எண்ணலாகாது. நிலத்திற் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், இல்லாதிருந்த இடத்தில் திடீரெனத் தோன்றும் ஊற்று, மூட முடியாமற் சிக்கும் கதவு ஆகியவை தென்பட்டால், கட்டட வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதிகாரிகளிடம் அறிவித்தல் வேண்டும்.

முன்னரே உள்ள வீட்டின்மேல் தட்டுப் போட விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. தகரமோ சீற்றோ தாங்குவதற்காகக் கட்டிய சுவர் வேறு. கொங்கிரீட் தாங்கும் சுவர் வேறு. கணக்குப் பார்ப்போம். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 5 அங்குலக் கனமும் உள்ள ஒரு தட்டு 50 கன அடி. ஒரு கன அடிக் கொங்கிரீட் ஏறத்தாழ 150 இறாத்தல் நிறையுடையது. ஆகவே அச்சிறு தட்டின் நிறை மட்டும் 7,500 இறாத்தல். அதாவது சுமார் 3,400 கிலோகிராம். இதன்மேல் ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்றை வைத்தால் இன்னும் 1,000 கிலோகிராம் கூடும். இப்பாரத்தைச் சுவரும் அத்திவாரமும் தாங்குமா என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடங் கேட்டறியாமல் தொடங்குவது, குடும்பத்தை ஆபத்தின் கீழ்க் குடியிருத்துவதாகும். கம்பியின் பருமனையும் இடைவெளியையும் அவரே குறித்துத் தர வேண்டும்.

சாமான்களின் அளவையும் இதே தட்டைக் கொண்டு கணக்கிடலாம். சாதாரணமாக வழங்கும் கலவை 1:2:4. அதாவது சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, முக்கால் அங்குலச் சல்லி நான்கு பங்கு. சல்லியின் இடைவெளிகளை மணலும், மணலின் இடைவெளிகளைச் சீமெந்தும் நிரப்பிவிடுவதால், 50 கன அடிக் கொங்கிரீட்டுக்கு உலர்ந்த சாமான் ஏறத்தாழ 77 கன அடி வேண்டும். அதனை ஏழாற் பிரித்தால் ஒரு பங்கு 11 கன அடி. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று 1¼ கன அடியாதலால் சீமெந்து 9 மூட்டை. மணல் 22 கன அடி. சல்லி 44 கன அடி. நூறு கன அடி கொண்டது ஒரு கியூப் என்பதை நினைத்து, மணல் கால் கியூபும் சல்லி அரைக் கியூபும் என்று சொல்லி வாங்கலாம். சிந்துவதற்கும் குறைவதற்குமாக ஒரு மூட்டைச் சீமெந்து மேலதிகமாக இருக்கட்டும். நடுவேளையில் சீமெந்து தீர்ந்து, லொறி வராத மலைப்பாதையில் ஆள் ஓடுவதைக் காட்டிலும் அது நல்லது. பொறியியலாளர் 1:1½:3 என்று குறித்திருந்தால் அதன்படியே செய்ய வேண்டும்.

சீமெந்து மூட்டைகளை நிலத்தின்மேல் அடுக்கலாகாது. பலகையின்மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்கி, மூடி வைக்க வேண்டும். மலைப்பனியின் ஈரம் காகித மூட்டைக்குள் எளிதிற் புகும். கையால் நசுக்கினாலும் உடையாத கட்டி கண்ட சீமெந்தைத் தட்டுக்குப் பயன்படுத்தலாகாது. மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்குச் சற்றுக் குறைய மணலிட்டு, ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்த தண்ணீரை ஊற்றிக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால், மணலுக்கு மேலே சேறு தனிப் படையாகப் படியும். அப்படை மணலின் உயரத்திற் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்படின் அம்மணலைக் கழுவியே பயன்படுத்த வேண்டும். இச்சோதனையை வீட்டிலுள்ள பள்ளி மாணவரிடம் ஒப்படைத்தல் நன்று.

நாளைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை ஊவாவில் மழை மிகுதி. ஆனி, ஆடி மாதங்களில் மழை குறைவாயினும், மேற்கு மலைகளைக் கடந்து வரும் வறண்ட காற்று பலமாக வீசும். மழை கலவையைக் கரைத்துவிடும். காற்று மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சி அன்றே வெடிப்புண்டாக்கும். எக்காலமாயினும் படங்கும் ஈரச் சாக்கும் கையருகே இருத்தல் வேண்டும்.

இனி, கொங்கிரீட் இடும் நாள். அந்நாளில் வீடு வீடாக இராது. விடியுமுன் மேசனும் ஆட்களும் வந்துவிடுவர். வாசல் முழுவதும் மணலுஞ் சல்லியுமாகக் கிடக்கும். இயந்திரக் கலவைச் சத்தத்திற் பேசுவது கேளாது. அயல் வீட்டார் உதவிக்கு வருவர். எல்லார்க்கும் தேநீரும் பகலுணவும் வேண்டும். சமையலை அன்று வேறிடத்தில் வைத்துக்கொள்வதும், கைக்குழந்தைகளையும் முதியோரையும் உறவினர் வீட்டில் விடுவதும் நலம். ஈரச் சீமெந்து காரமுள்ளது; நெடுநேரம் தோலிற் பட்டால் புண்ணாக்கும். வெறுங்காலுடன் கலவைக்குள் நிற்கவோ, பிள்ளைகள் அதில் விளையாடவோ இடங்கொடுக்கலாகாது. கண்ணிற் பட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கலவை தொடங்குமுன் வீட்டார் ஒருவர் மேலேறி மூன்று விடயங்களைக் கண்ணாற் காண வேண்டும். கம்பிகள் பலகையைத் தொடாது, ஓர் அங்குல அளவிலான சீமெந்துக் கட்டைகளின்மேல் நிற்கின்றனவா என்பது ஒன்று. தொட்டுக் கிடக்கும் கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடித்து, கொங்கிரீட்டைப் பிளந்து வெளிப்படும். பலகைகளின் இடுக்குகள் அடைபட்டுள்ளனவா என்பது இரண்டு; சீமெந்துப் பால் ஒழுகிவிட்டால் சல்லி மட்டுமே எஞ்சும். முட்டுக் கம்புகள் உறுதியான பலகைத் துண்டின்மேல் நிற்கின்றனவா என்பது மூன்று; ஈர மண்ணில் நேரே ஊன்றிய யூக்கலிப்டஸ் கம்பு, பாரம் ஏற ஏறப் புதையும்.

அளவுக்கு மண்வெட்டியை நம்பலாகாது. உட்புறம் ஓரடி நீளமும் ஓரடி அகலமும் 15 அங்குல உயரமுங் கொண்ட ஒரு பலகைப் பெட்டி செய்து வைத்துக்கொண்டால், அது சரியாக ஒரு மூட்டைச் சீமெந்தின் அளவு. மூட்டைக்கு இரு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி. தண்ணீர் மூட்டைக்குச் சுமார் 25 லீற்றர். மணல் ஈரமாயிருப்பின் அதனிலும் குறைவு.

தண்ணீர் விடயத்திலேதான் பெரும்பாலும் இணக்கக் கேடு உண்டாகிறது. கலவை இளகியிருந்தால் தாச்சியிலிருந்து எளிதில் வழியும், பரப்புவது சுலபம், களைத்த ஆட்கள் இன்னும் ஒரு வாளி ஊற்ற விரும்புவது இயல்பே. ஆனால் சீமெந்துடன் சேராத மிகுதித் தண்ணீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்டுளையாக விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியே மழை இறங்கும், உறுதியுங் குன்றும். ஆகையால் தொடக்கத்திலேயே, "அண்ணே, தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள், நேரம் சென்றாலும் பரவாயில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். வேலை நடுவிற் கூச்சலிடுவது பயன் தராது. நல்ல மேசன் இதற்கு மனம் வருந்தமாட்டார். வேலை தெரிந்த வீட்டார் என்று மதிப்பார்.

ஒரு மணி நேரத்துக்கு மேற் கிடந்து இறுகத் தொடங்கிய கலவைக்கு மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பயன்படுத்தலாகாது. இட்ட கலவையைக் கம்பியாலோ அதிர்வுப் பொறியாலோ நன்கு குத்தி அமுக்க வேண்டும். ஒரு தட்டை இடைவிடாது ஒரே நாளில் முடிப்பதே முறை. பெருமழை குறுக்கிட்டு நிறுத்த நேர்ந்தால், எங்கே நிறுத்துவது, மறுநாள் எவ்வாறு இணைப்பது என்பதை மேசனும் உத்தியோகத்தரும் முன்னரே பேசி வைத்திருத்தல் வேண்டும்.

மாலையில் ஆட்கள் சென்றபின் வீட்டாரின் வேலை தொடங்குகிறது. மேற்பரப்பு கை பதியாத அளவுக்கு இறுகியதும், ஈரச் சாக்கால் மூட வேண்டும். மறுநாள் ஓரங்களில் மண்ணாலோ சாந்தாலோ சிறு வரம்பு கட்டி, பாத்திபோல் தண்ணீர் நிறுத்த வேண்டும். குறைந்தது ஏழு நாள்; இயன்றாற் பதினான்கு நாள். ஏழாம் நாளில் கொங்கிரீட் தனது இருபத்தெட்டாம் நாள் உறுதியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே அடைந்திருக்கும். பண்டாரவளை, அப்புத்தளை போன்ற குளிர்ந்த இடங்களில் இதற்கு இன்னுஞ் சில நாட்கள் செல்லும்.

இங்கே வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. அத்தண்ணீரைச் சுமப்பவர் யார்? காலை முதல் மலையிற் கொழுந்து பறித்து, மாலையில் கூடையை இறக்கி வைத்த தாயே, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குச் செல்கிறாள். வீடு எல்லார்க்கும் உரியது. பதினான்கு நாள் நனைக்கும் வேலையும் எல்லார்க்கும் உரியதாக வேண்டும். காலை முறை தந்தைக்கு, மாலை முறை பிள்ளைகளுக்கு என்று ஒரு தாளில் எழிதி ஒட்டிவிட்டால் வழக்கும் வராது, மறதியும் நேராது.

அடுத்த சோதனை பலகை கழற்றுவது. பக்கப் பலகைகளை இரண்டொரு நாளிற் கழற்றலாம். தட்டின் கீழுள்ள முட்டுகளைச் சிறிய அறைகளில் இரு வாரமும், வளைகளுக்கு மூன்று வாரமும் தொடலாகாது. பலகையும் முட்டும் நாள்வாடகைக்கு எடுத்தவையாதலின், 'இறுகிவிட்டது, கழற்றுவோம்' என்ற பேச்சு எட்டாம் நாளிலேயே எழும். அவ்வாடகையை மிச்சப்படுத்த எண்ணிச் செய்யும் அவசரமே தட்டு நடுவில் தொய்வதற்குக் காரணம். ஆகவே மூன்று வார வாடகையை முதற் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கூலியையும் கடமையையும் வாய்ப்பேச்சில் விடாது ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருதரப்பார்க்கும் நன்று. சாமான் யார் பொறுப்பு, பலகை யார் பொறுப்பு, கனம் எத்தனை அங்குலம், கலவை யாது, பணம் எத்தனை கட்டமாக என்பன அதில் இருக்க வேண்டும். கடைசிக் கட்டப் பணம் முட்டுக் கழற்றிய பின்னரே கொடுக்கப்படும் என்று முன்னரே சொல்லி வைக்கலாம். ஆனால் செய்த வேலைக்குரிய கூலியை நாள் தவறாது கொடுப்பதும் அதே தாளில் உள்ள கடமையே. தோட்டத்திற் சம்பளத்துக்காகப் பலமுறை காத்து நின்ற நம் மக்கள், தம் வாசலில் வேலை செய்தவரைக் காக்கவைப்பது தகாது.

இத்தனையும் செய்தபின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புச் சில தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. சுருங்கும்போது அவை உண்டாவது இயல்பு. அடிப்பக்கத்தில் நீண்டு செல்லும் வெடிப்பு, நாளுக்கு நாள் அகலும் வெடிப்பு, துருக் கறை, நடுவில் தொய்வு ஆகியவற்றைக் கண்டால் மாத்திரம், பூசி மறைக்காமல் முட்டைத் திரும்ப ஊன்றி, அறிந்தவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும்.

நம் பாட்டனும் பூட்டனும் ஊவாவில் காடழித்தனர்; பாதை வெட்டினர்; தேயிலை நட்டனர். பிறருக்காக அத்தனையுங் கட்டிய கைகள் இன்று தமக்கென ஒரு தட்டுப் போடுகின்றன. அதனைக் கடன்பட்டுச் செய்தாலும் கருத்தோடு செய்வோமாக. ஒரு வாளித் தண்ணீரைக் குறைப்பதும், இரு வாரம் பொறுப்பதும் காசு செலவாகாத காரியங்கள். பேரப்பிள்ளைகள் அத்தட்டின் கீழ் அச்சமின்றி உறங்குவது பெரும்பாலும் அவற்றையே பொறுத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறன்று, வீட்டைச் சுற்றி மழைநீரை வழிநடத்தும் கான்களைப் பற்றிக் கூறுவோம்.